தன்னார்வ ஒலிநூல் வாசிப்பு

தன்னார்வ ஒலிநூல் வாசிப்பு என்பது, ஊதியம் பெறாத ஒருவர் தம் வீட்டிலிருந்தே ஒரு நூலை உரக்க வாசித்து, அதனைக் கணினியில் ஒலிப்பதிவு செய்து, எவரும் இலவசமாகக் கேட்கும் வகையில் வெளியிடும் செயற்பாடு ஆகும். இணையத்தின் வழி இச்செயற்பாட்டை ஒருங்கிணைக்கும் திட்டங்களுள் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிப்ரிவாக்ஸ் மிகவும் அறியப்பட்டது. பொது உரிமைப் பரப்பில் உள்ள நூல்களை மட்டுமே இத்திட்டம் ஏற்றுக்கொள்கின்றது. அவ்வாறு உருவாகும் ஒலிப்பதிவுகளும் பொது உரிமைப் பரப்பிலேயே விடப்படுகின்றன.

இதில் பங்குகொள்ளக் குரற்பயிற்சியோ ஒலிப்பதிவுக்கூடமோ தேவையில்லை. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, ஓரளவு அமைதியான அறை, தடையின்றி வாசிக்கும் திறன் ஆகியவை போதுமானவை. எனினும் காப்புரிமை, ஒலித்தரம், உச்சரிப்பு ஆகியவற்றில் சில அடிப்படைகளை முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று. ஒருமுறை பொது உரிமையில் வெளியிடப்பட்ட குரலைத் திரும்பப் பெற இயலாது என்பதும் தொடங்குமுன் அறிய வேண்டிய ஒன்றாகும்.

வரலாறு

நூல்களை ஒலிவடிவில் பதிவு செய்யும் முயற்சிகள் முதலில் பார்வையற்றோரை மனத்திற்கொண்டே தோன்றின. ஐக்கிய அமெரிக்காவில் 1930களின் முற்பகுதியில் பார்வையற்றோருக்கான 'பேசும் நூல்கள்' இசைத்தட்டுகளில் வெளியாயின. பிரித்தானியாவில் 1935ஆம் ஆண்டு பேசும் நூல் சேவை தொடங்கியது. அங்கு முதலில் வெளியானவற்றுள் அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் புதினமும், ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' என்னும் கதையும் அடங்கும். இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்கள் கல்லூரிப் படிப்பைத் தொடர உதவும் பொருட்டு, 1948இல் நியூயார்க்கில் ஆன் மெக்டொனால்ட் என்பவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதில் தன்னார்வலர்களே பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்தனர். இன்று 'லேர்னிங் அல்லை' என்ற பெயரில் இயங்குவது இவ்வமைப்பே.

இணையம் பரவியபின் இம்முயற்சி வேறு வடிவம் பெற்றது. 2004இல் லாரன்ஸ் லெசிக் எழுதிய 'ஃப்ரீ கல்ச்சர்' என்னும் நூல் கட்டற்ற உரிமத்துடன் வெளியானபோது, ஏ. கே. எம். ஆடம் என்பவரின் அழைப்பை ஏற்றுப் பலர் ஆளுக்கோர் அத்தியாயமாக அதனை வாசித்துப் பதிவு செய்தனர். இதனால் தூண்டப்பட்ட கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த எழுத்தாளர் ஹியூ மெக்குவயர், 2005 ஆகத்து மாதம் லிப்ரிவாக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். இத்திட்டத்தின் முதல் நூல், கான்ராட் 1907இல் வெளியிட்ட 'தி சீக்ரட் ஏஜென்ட்' என்னும் புதினம் ஆகும். நூல்களின் எழுத்துவடிவம் பெரும்பாலும் குட்டன்பர்க் திட்டத்திலிருந்து பெறப்படுகின்றது. முடிந்த ஒலிக்கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் வழங்கிகளில் சேமிக்கப்படுகின்றன. 2016ஆம் ஆண்டில் லிப்ரிவாக்ஸ் தனது 10,000ஆவது பணியை நிறைவு செய்தது. பதிவுகளில் மிகப் பெரும்பான்மை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் உட்படப் பிற மொழிகளின் பங்கு மிகக் குறைவு.

செயற்படும் முறை

லிப்ரிவாக்ஸ் பணிகளில் தன்னார்வலர்கள் பின்வரும் பொறுப்புகளை ஏற்கின்றனர்.

- வாசிப்பவர்: ஓர் அத்தியாயத்தையோ முழு நூலையோ வாசித்துப் பதிவு செய்பவர்.
- நூல் ஒருங்கிணைப்பாளர்: ஒரு நூலைத் தெரிவு செய்து, அத்தியாயங்களைப் பகிர்ந்தளித்து, பணி முடியும்வரை கவனிப்பவர்.
- மேல்நிலை ஒருங்கிணைப்பாளர்: முடிந்த கோப்புகளைப் பட்டியலில் சேர்த்து வெளியிடும் அனுபவமிக்க தன்னார்வலர்.
- கேட்டுச் சரிபார்ப்பவர்: பதிவை முழுமையாகக் கேட்டு, தவறுகளை நேரக்குறிப்புடன் வாசித்தவருக்குத் தெரிவிப்பவர். அச்சுத்துறையில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒப்பானவர்.

பணிகளும் பல வகைப்படும். ஒரு நூலின் அத்தியாயங்களைப் பலர் பகிர்ந்து வாசிப்பது கூட்டுப்பணி. ஒருவரே முழுவதையும் வாசிப்பது தனிப்பணி. நாடகங்களில் ஒவ்வொரு கதைமாந்தருக்கும் ஒருவர் தத்தம் ஊரிலிருந்து வாசிக்க, பின்னர் அவை ஒரே கோப்பாக இணைக்கப்படுகின்றன. ஒரே கவிதையைப் பலர் வாசித்து வெளியிடும் வாராந்தத் தொகுப்புகளும் உண்டு. சில நிமிடங்களே தேவைப்படுவதால் புதியவர்கள் இவற்றில் தொடங்குவது எளிது.

வாசிப்பின் தரத்தைப் பற்றிய அணுகுமுறை இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க பண்பு. சொல் விடுபடுதல், ஒரு வரியை இருமுறை வாசித்தல், நீண்ட இடைவெளி, மிகுந்த இரைச்சல் போன்றவற்றையே சரிபார்ப்பவர் சுட்டிக்காட்டுவார். வாசித்தவர் கேட்டாலன்றி அவரது உச்சரிப்பு வழக்கையோ, நடையையோ, உணர்ச்சி வெளிப்பாட்டையோ எவரும் விமர்சிப்பதில்லை. குரல் தேர்வு என ஒன்றும் இல்லை. இதனால் ஒரே நூலில் அமெரிக்கர், இந்தியர், செருமானியர் என வெவ்வேறு நாட்டவரின் ஆங்கிலத்தைக் கேட்க முடிகின்றது.

நூலைத் தெரிவு செய்தல்

பொது உரிமைப் பரப்பு என்பது, காப்புரிமைக் காலம் முடிந்ததாலோ உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டதாலோ எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய படைப்புகளைக் குறிக்கும். இக்காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

லிப்ரிவாக்ஸ் ஐக்கிய அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகின்றது. அங்கு 1978க்கு முன் வெளியான நூல்களுக்கான காப்புரிமை, அதிக அளவாக வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் நீடிக்கும். 1998ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இக்காலத்தை 20 ஆண்டுகள் நீட்டியதால், நீண்ட காலம் புதிய நூல்கள் எவையும் இவ்வழியில் பொது உரிமைக்கு வரவில்லை. 2019 சனவரி 1 அன்று 1923இல் வெளியான நூல்கள் விடுவிக்கப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு சனவரி முதல் நாளும் ஓர் ஆண்டின் நூல்கள் விடுபட்டு வருகின்றன.

இந்தியாவில் காப்புரிமை நூலாசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். இக்காலம் அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, 1948இல் மறைந்த ஓர் எழுத்தாளர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் உரிமை 2008 இறுதியில் முடிவடைகின்றது. ஆசிரியரின் மறைவுக்குப் பின் முதன்முதலாக வெளியான நூலாயின், வெளியான ஆண்டை வைத்து 60 ஆண்டுகள் கணக்கிட வேண்டும்.

தமிழ்நாட்டில் நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கமும் உள்ளது. அரசு உரிமையாளருக்குப் பரிவுத்தொகை வழங்கி, அப்படைப்புகளை எவரும் வெளியிடலாம் என அறிவிக்கின்றது. சுப்பிரமணிய பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது இதற்கு முன்னோடியாகும். எனினும் நாட்டுடைமையாக்கப்பட்ட ஒரு நூல் அமெரிக்கச் சட்டப்படியும் பொது உரிமையில் உள்ளது எனத் தானாகக் கொள்ள இயலாது. வாசிப்பவர் தம் நாட்டுச் சட்டத்தையும் திட்டம் பின்பற்றும் சட்டத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி தவறும் இடங்கள் சில:

- மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு. தால்சுதாயின் உருசிய மூலம் பொது உரிமையில் இருப்பினும், அண்மைக்காலத் தமிழ் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்வாறு இராது.
- பழந்தமிழ் இலக்கியத்தின் மூலம் எவருக்கும் உரியது. அதற்குத் தற்கால அறிஞர் எழுதிய உரை அவருக்குரியது.
- பழைய நூலின் புதிய பதிப்பில் உள்ள முன்னுரை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு ஆகியவை பின்னர் எழுதப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை வாசிக்காது விடவேண்டும்.

தமிழ் நூல்களின் மின்னுரைக்கு மதுரைத் திட்டம் ஒரு நல்ல மூலமாகும். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட இத்திட்டம் முழுவதும் தன்னார்வலர்களால் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கப்பட்ட உரைகளைக் கொண்டது. அங்கு உள்ள எல்லா நூல்களும் ஒரே உரிம நிலையில் இல்லாததால், ஒவ்வொன்றின் முன்குறிப்பையும் படித்தல் வேண்டும்.

வீட்டில் ஒலிப்பதிவு

ஒலிவாங்கி

மடிக்கணினியில் உள்ளமைந்த ஒலிவாங்கி பொதுவாகப் பொருத்தமற்றது. அது கணினியின் விசிறி, வன்தட்டு, விசைப்பலகை ஆகியவற்றின் ஓசையைச் சேர்த்தே பதிவு செய்யும். யூ.எஸ்.பி. வழியே இணைக்கப்படும் ஒலிவாங்கி அல்லது தலையணி ஒலிவாங்கி தொடக்கத்திற்குப் போதுமானது. வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே அன்றிச் சற்றுப் பக்கவாட்டில் அதனை வைக்க வேண்டும். ப, ட, த போன்ற வல்லெழுத்துகளை ஒலிக்கையில் வெளிப்படும் காற்று நேராக ஒலிவாங்கியைத் தாக்கினால், பதிவில் 'டொப்' என்ற ஓசை விழும். மெல்லிய துணியை ஒரு வளையத்தில் கட்டி ஒலிவாங்கிக்கு முன் நிறுத்தினால் இது குறையும்.

அறை

ஒலித்தரத்தைப் பொறுத்தவரை ஒலிவாங்கியின் விலையைவிட அறையே முக்கியமானது. வெறுஞ்சுவரும் சிமெந்துத் தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலித்து, குளியலறையில் பேசுவது போல் கேட்கும். பிறகு எந்த மென்பொருளாலும் எதிரொலியை முற்றாக நீக்க இயலாது. துணிகள் தொங்கும் திறந்த அலமாரியை நோக்கி அமர்ந்து வாசித்தல், சுற்றிலும் போர்வை அல்லது மெத்தையை நிறுத்துதல், தரையில் பாய் விரித்தல் ஆகியவை செலவற்ற தீர்வுகளாகும்.

தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்பமான இடங்களில் மின்விசிறியே முதல் எதிரி. அதனை நிறுத்தினால் நெடுநேரம் வாசிக்க இயலாது. எனவே பலர் பத்து நிமிடம் வாசித்து, விசிறியை இயக்கி ஓய்வெடுத்து, மீண்டும் வாசிக்கின்றனர். தெருவில் செல்லும் வண்டிகள், காகம், அண்டை வீட்டுக் குக்கரின் விசில், கோயில் ஒலிபெருக்கி ஆகியவற்றைத் தவிர்க்கப் பின்னிரவு அல்லது விடியற்காலை ஏற்ற நேரமாகும். கைப்பேசியை வேறு அறையில் வைப்பது நல்லது.

பதிவில் தொடர்ச்சியான தாழ்ந்த ரீங்காரம் கேட்டால், அது பெரும்பாலும் 50 ஏர்ட்சு அதிர்வெண் கொண்ட வீட்டு மின்னோட்டத்தின் விளைவாகும். புவியிணைப்பு இல்லாத மின்செருகியில் மடிக்கணினியை இணைக்கும்போது இது தோன்றும். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தில் கணினியை இயக்கிப் பதிவு செய்தால் பல வேளைகளில் இது மறைந்துவிடும்.

மென்பொருள்

ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் பரவலாகப் பயன்படுகின்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனி, ரோஜர் டானன்பர்க் ஆகியோரால் உருவாக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. விண்டோசு, மாக், லினக்சு ஆகிய இயங்குதளங்களில் இது செயற்படும். எம்.பி.3 வடிவத்தின் காப்புரிமங்கள் 2017இல் முடிவடைந்தன. அதற்கு முன் எம்.பி.3 கோப்பை உருவாக்கத் தனியாக ஒரு நிரலை நிறுவ வேண்டியிருந்தது. இன்றைய பதிப்புகளில் அவ்வசதி உள்ளமைந்தே வருகின்றது.

தொழில்நுட்பத் தரநிலை

லிப்ரிவாக்ஸ் ஏற்றுக்கொள்ளும் கோப்பின் பண்புகள்:

- மாதிரி வீதம்: 44.1 கிலோ ஏர்ட்சு
- தடங்கள்: ஒற்றைத்தடம்
- வடிவம்: எம்.பி.3, நொடிக்கு 128 கிலோபிட், மாறா வீதம்
- ஒலியளவு: ஏறத்தாழ 89 டெசிபெல்

44.1 கிலோ ஏர்ட்சு என்றால் ஒலியலை நொடிக்கு 44,100 முறை அளவிடப்படுகின்றது. இவ்வாறு அளவிடும்போது அதன் பாதியான 22,050 ஏர்ட்சு வரையுள்ள அதிர்வெண்களைப் பதிய முடியும். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஏர்ட்சு ஆதலால் இது போதுமானது. வாசிப்பவர் ஒருவரே என்பதால் இரட்டைத்தடத்தினால் பயன் இல்லை.

சுருக்கப்படாத 16 பிட் ஒற்றைத்தடப் பதிவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 317 மெகாபைட் இடம் பிடிக்கும். 128 கிலோபிட் எம்.பி.3 வடிவில் அது 57.6 மெகாபைட் ஆகச் சுருங்கும். இச்சுருக்கத்தில் சில விவரங்கள் நிரந்தரமாக இழக்கப்படுகின்றன. எனவே திருத்தங்கள் அனைத்தையும் சுருக்கப்படாத கோப்பில் செய்து, இறுதியில் ஒருமுறை மட்டுமே எம்.பி.3 ஆக மாற்ற வேண்டும். மூலக்கோப்பைப் பணி வெளியாகும்வரை அழிக்கலாகாது.

89 டெசிபெல் என்பது ஒலிபெருக்கியிலிருந்து வெளிப்படும் ஓசையின் அளவு அன்று. கோப்பின் சராசரி உரப்பைக் கணக்கிடும் ஓர் அளவுகோலின் மதிப்பு அது. வெவ்வேறு ஊர்களில் பதிவான அத்தியாயங்களைக் கேட்பவர் ஒவ்வொரு முறையும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்காதிருக்கவே இவ்விதி வகுக்கப்பட்டது. இம்மதிப்பைக் கணிக்கும் இலவச நிரல்கள் உள்ளன.

இரைச்சலை நீக்குதல்

வாசிக்கத் தொடங்குமுன் ஓரிரு நொடிகள் பேசாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்தல் வேண்டும். ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு வசதி, அப்பகுதியை மாதிரியாகக் கொண்டு, அதே தன்மையுடைய ஓசையைப் பதிவு முழுவதிலும் குறைக்கும். இது விசிறி போன்ற மாறாத இரைச்சலுக்கே பொருந்தும். நாய் குரைப்பதையோ கதவு அடைக்கப்படுவதையோ இவ்வாறு நீக்க இயலாது. அவ்வரியை மீண்டும் வாசிப்பதே வழி. இவ்வசதியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் குரல் நீருக்கடியிலிருந்து வருவது போலத் திரிந்துவிடும்.

வாசிக்கும் முறை

ஆங்கிலத்தில் உரைநடை வாசிப்பின் வேகம் பொதுவாக நிமிடத்திற்கு 150 சொற்கள் அளவில் அமையும். அதாவது ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 9,000 சொற்கள். தமிழில் வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சொல்லோடு இணைவதால் சொற்கள் நீளமானவை. எனவே இவ்வெண்ணிக்கை குறையும். பதிவு செய்தல், திருத்துதல், மீண்டும் கேட்டல் ஆகியவற்றைச் சேர்த்தால் முடிவுற்ற பதிவின் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரம் தேவை. எனவே பத்து நிமிடத்திற்கு மேற்படாத பகுதியைத் தெரிவு செய்வது தொடக்கத்தில் உகந்தது.

வாசிக்கையில் தவறு நேர்ந்தால் பதிவை நிறுத்தாமல், ஒருமுறை கைதட்டிவிட்டு, அவ்வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்கலாம். கைதட்டல் அலைவடிவத்தில் உயர்ந்த கூர்முனையாகத் தெரியும். பின்னர் அவ்விடங்களை மட்டும் தேடி வெட்டிவிட முடியும்.

தமிழ் வாசிப்பில் கவனிக்க வேண்டியவை

தமிழ் நூல்களை வாசிப்பவர் சந்திக்கும் சிக்கல்கள் ஆங்கில வாசிப்பில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை.

- தமிழ் எழுத்தில் ஒலிப்புடை வல்லினத்திற்கும் ஒலிப்பிலா வல்லினத்திற்கும் தனித்தனி எழுத்து இல்லை. 'பாவம்' என்னும் ஒரே வடிவம், தீவினையையும் குறிக்கும். நடனத்தில் முகக்குறிப்பையும் குறிக்கும். ஒலிப்பு இரண்டிலும் வேறு. பொருளறிந்த பின்னரே சரியாக வாசிக்க இயலும்.
- ல, ள, ழ வேறுபாடும், ர, ற வேறுபாடும் பேச்சில் மழுங்கியிருக்கலாம். ஒலிநூலைக் கேட்பவருக்கு எழுத்து கண்ணில் படாது என்பதால் 'தாள்', 'தாழ்' போன்றவற்றைத் தெளிவாக ஒலிக்க வேண்டும்.
- பழைய உரைநடையில் வினையெச்சங்களால் தொடுக்கப்பட்ட வாக்கியங்கள் அரைப்பக்கம் வரை நீளும். மூச்சு விடவேண்டிய இடங்களைப் பென்சிலால் முன்னரே குறித்துக்கொள்ளுதல் நன்று. பெரும்பாலும் 'வந்து', 'கண்டு', 'என' போன்ற எச்சங்களை அடுத்து நிறுத்தலாம். பெயரெச்சத்திற்கும் அதன் பெயருக்கும் இடையே நிறுத்தினால் பொருள் சிதையும்.
- செய்யுளில் சந்தி பிரிக்காத பதிப்பாயின், சீர்களை இசைக்கேற்பப் படிப்பதா பொருளுக்கேற்பப் பிரித்துப் படிப்பதா என முன்னரே முடிவு செய்து, நூல் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும்.
- 'கி.மு.', 'திரு.', 'உ.ம்.' போன்ற சுருக்கங்களையும், பழைய நூல்களில் உள்ள தமிழ் எண்களையும் விரித்தே வாசிக்க வேண்டும்.

மதுரை, கொங்குநாடு, யாழ்ப்பாணம், மலேசியா என வாசிப்பவரின் வட்டாரச் சாயல் குரலில் தெரிவது குறையன்று. எழுத்தில் உள்ளதை மாற்றாமல் வாசித்தல் மட்டுமே விதி. ஆசிரியர் எழுதிய சொல் இன்று வழக்கொழிந்திருப்பினும், ஏற்கத்தகாததாகத் தோன்றினும், அதனை மாற்றவோ நீக்கவோ வாசிப்பவருக்கு உரிமையில்லை.

தொடங்குவோர் பின்பற்றும் படிகள்

1. ஒரு நிமிடச் சோதனைப் பதிவைச் செய்து அனுப்புதல். இது குரல்வளத்தைச் சோதிப்பதற்கன்று. ஒலியளவு, இரைச்சல், கோப்பின் வடிவம் ஆகியவை மட்டுமே பார்க்கப்படும்.
2. நடைபெற்றுவரும் கூட்டுப்பணியில் ஒரு சிறு பகுதியை அல்லது ஒரு கவிதையைத் தெரிவு செய்தல்.
3. அப்பகுதியை ஒருமுறை முழுமையாகப் படித்து, அறியாத சொற்களின் பொருளையும் ஒலிப்பையும் அறிதல்.
4. பதிவின் தொடக்கத்தில் சிறிது அமைதி விட்டு, நூலின் பெயர், அத்தியாய எண், இப்பதிவு பொது உரிமையில் உள்ளது என்னும் அறிவிப்பு ஆகியவற்றை வாசித்தல். விரும்பினால் தம் பெயரையும் ஊரையும் கூறலாம். இறுதியில் அத்தியாயம் முடிந்ததைத் தெரிவித்து, சில நொடிகள் அமைதி விடுதல்.
5. தலையணி கொண்டு, நூலைக் கையில் வைத்து, முழுப்பதிவையும் கேட்டுத் திருத்துதல்.
6. கோப்பைப் பதிவேற்றி, சரிபார்ப்பவர் சுட்டிக்காட்டும் திருத்தங்களைச் செய்தல்.

ஒலிவாங்கி வாங்குமுன் கேட்டுச் சரிபார்ப்பவராகச் சேர்வதும் ஒரு நல்ல தொடக்கமாகும். பிறரது பதிவுகளைக் கவனித்துக் கேட்கும்போது எத்தகைய தவறுகள் காதை உறுத்துகின்றன என்பது விளங்கும். நீண்ட புதினத்தைத் தனிப்பணியாக எடுத்துப் பாதியில் கைவிடுவது புதியவர்களிடம் காணப்படும் பொதுவான தவறு. அந்நூலுக்காகக் காத்திருப்போரையும் அது பாதிக்கின்றது.

பார்வையற்றோருக்கான வாசிப்பு

லிப்ரிவாக்ஸ் எல்லோருக்குமான திட்டம். காப்புரிமை உள்ள பாடநூல்களையும் தேர்வு நூல்களையும் அது பதிவு செய்வதில்லை. ஆனால் பார்வையற்ற மாணவருக்கு உடனடியாகத் தேவைப்படுபவை அவையே. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்திற்கு ஒரு நூலை மாற்றி, இலாப நோக்கமின்றி அவர்களுக்கு வழங்க அனுமதிக்கின்றது. இதற்கு உரிமையாளரின் முன் அனுமதி தேவையில்லை. அப்பிரதி மாற்றுத்திறனாளிகளைத் தவிரப் பிறரைச் சென்றடையக்கூடாது. 2013இல் மராக்கேசு நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, இத்தகைய பிரதிகளை நாடுகளுக்கிடையே பகிர வழிவகுத்தது. 2014இல் இவ்வுடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா ஆகும். உடன்படிக்கை 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது.

பாடநூல் வாசிப்பு கதை வாசிப்பிலிருந்து வேறுபட்டது. பக்க எண், தலைப்பு, அட்டவணை, படத்தின் விளக்கம் ஆகியவற்றையும் வாசிக்க வேண்டும். சமன்பாட்டை எங்கே அடைப்புக்குறி தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பது விளங்க வாசித்தல் வேண்டும். மாணவர் குறிப்பிட்ட பக்கத்திற்கு நேரடியாகச் செல்ல உதவும் டெய்சி என்னும் வடிவம் இதற்கெனவே உருவாக்கப்பட்டது. இதனை வளர்க்கும் கூட்டமைப்பு 1996இல் அமைந்தது.

பொது உரிமையின் விளைவுகள்

பொது உரிமையில் விடப்பட்ட ஒலிப்பதிவை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். அதனை விற்கலாம், வெட்டலாம், விளம்பரத்துடன் வெளியிடலாம், வாசித்தவரின் பெயரைக் குறிப்பிடாமலும் விடலாம். லிப்ரிவாக்ஸ் பதிவுகள் குறுவட்டுகளாகவும் செயலிகளாகவும் பிறரால் விற்கப்பட்டுள்ளன. இவை சட்டப்படி தவறல்ல என்பதைத் திட்டமே வெளிப்படையாகக் கூறுகின்றது.

தொடக்கத்தில் எவரும் எதிர்பாராத ஒரு பயன்பாடு பின்னர் தோன்றியது. 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், லிப்ரிவாக்சின் ஆங்கிலப் பதிவுகளிலிருந்து ஏறத்தாழ 1,000 மணி நேரப் பேச்சைத் தொகுத்து, 'லிப்ரிஸ்பீச்' என்ற பெயரில் வெளியிட்டனர். கணினிக்குப் பேச்சை அறியக் கற்பிக்கும் ஆய்வுகளில் இது ஓர் அடிப்படைத் தரவுத்தொகுப்பாக ஆனது. 2017இல் வெளியான 'எல்.ஜே. ஸ்பீச்' என்னும் தொகுப்பு, ஒரே தன்னார்வலரின் ஏறத்தாழ 24 மணி நேர வாசிப்பை 13,100 துண்டுகளாக வெட்டி உருவாக்கப்பட்டது. எழுத்தைப் பேச்சாக மாற்றும் எண்ணற்ற நிரல்கள் இக்குரலைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டன. நூல்களைப் பிறர் கேட்கவேண்டும் என்பதற்காக வாசித்த ஒருவரின் குரலைக் கொண்டு, அவர் ஒருபோதும் வாசிக்காத வாக்கியங்களைக் கணினி பேசியது. இதற்கு எவரிடமும் அனுமதி பெறத் தேவை இருக்கவில்லை.

இவற்றின் பயன் ஒருதலையானதன்று. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு நிரல்களின் குரல் இத்தகைய ஆய்வுகளால் மேம்பட்டது. ஆங்கிலத்தில் இவ்வளவு திறந்த தரவு கிடைத்ததற்குத் தன்னார்வ வாசிப்பு ஒரு முக்கியக் காரணம். பதிவுகள் குறைந்த மொழிகளுக்கு இவ்வழியில் அத்தகைய தரவு கிடைக்கவில்லை. மறுபுறம், இதே நுட்பம் ஒருவரின் குரலைப் போலியாக உருவாக்கவும் பயன்படக்கூடும். எனவே பங்கேற்க விரும்புபவர் இதனை நன்கு எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்தல் வேண்டும். இயற்பெயருக்குப் பதிலாகப் புனைபெயரில் பதிவு செய்ய லிப்ரிவாக்ஸ் இடமளிக்கின்றது. ஆனால் புனைபெயர் குரலை மறைக்காது.

இயந்திர வாசிப்பும் மனித வாசிப்பும்

2023இல் குட்டன்பர்க் திட்டம், மைக்ரோசாப்ட் நிறுவனத்துடன் இணைந்து, இயந்திரக் குரலில் வாசிக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 ஒலிநூல்களை வெளியிட்டது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்யக்கூடிய அளவை இயந்திரம் குறுகிய காலத்தில் செய்து முடித்ததால், மனித வாசிப்பு இனித் தேவையா என்ற கேள்வி எழுந்தது. லிப்ரிவாக்ஸ் மனிதர் வாசித்த பதிவுகளை மட்டுமே ஏற்கின்றது.

தமிழைப் பொறுத்தவரை இக்கேள்விக்கான விடை ஆங்கிலத்தைப் போன்றதன்று. ஒலிப்பைச் சூழலிலிருந்தே அறிய வேண்டிய சொற்களும், பிரிக்கப்படாத சந்திகளும், செய்யுள் நடையும் இயந்திரத்திற்கு எளியன அல்ல. மேலும், ஒரு வட்டாரத்தின் பேச்சுச்சாயல் அவ்வட்டாரத்தவர் வாசித்தால் மட்டுமே பதிவாகும். அச்சில் ஒரே வடிவில் உள்ள ஒரு பக்கம் தஞ்சாவூரிலும் மட்டக்களப்பிலும் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதற்கு நூல்களில் சான்று கிடையாது. தன்னார்வலர் ஒருவர் தம் வீட்டில், விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்கும் பத்து நிமிடம் அதற்கான சான்றாகவும் அமைகின்றது.